எல்லாப் பழியும் புராஸ்டேட்டுக்கா?

ஐம்பதைக் கடந்த ஆண் ஒருவர் இரவில் நாலு தடவை ஒண்ணுக்குப் போக எழுந்தால், சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொல்கிறார்கள்: புராஸ்டேட். ஸ்கேன் எடுத்தால் வீக்கம் என்றே வருகிறது. அன்றைக்கே மாத்திரை தொடங்கிவிடுகிறது. ஆனால், தொல்லையின் வேர் சர்க்கரையில் இருக்கலாம். இதயத்தில், சிறுநீர்ப்பையில், முதுகுத்தண்டில் இருக்கலாம். சளிக்கு வாங்கிய மாத்திரையில்கூட இருக்கலாம். அதைத் தேடாமல் விடுவதால் வருடங்கள் வீணாகின்றன. சிலருக்கு உயிரே போகிறது.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. ‘முழு உடல் பரிசோதனை’ என்ற விளம்பரப் பலகை இல்லாத ஊர் இன்று இல்லை. தமிழ்நாடு அரசும் 2025 ஆகஸ்ட் 2 அன்று ‘நலம் காக்கும் ஸ்டாலின்’ முகாம்களைத் தொடங்கி, இசிஜி, ஸ்கேன் போன்ற பரிசோதனைகளைப் பள்ளிக்கூட வளாகங்களுக்கே கொண்டுவந்தது. மேலகரம், தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் ஸ்கேன் என்றாலே திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிய காலம் மலையேறிவிட்டது. இது நல்ல மாற்றம்தான். ஆனால், ஸ்கேன் தாள் கைக்கு வந்த வேகத்தில் விளக்கம் வந்து சேரவில்லை. ‘புராஸ்டேட் வீக்கம், கிரேடு ஒன்று’ என்ற வரியைப் படித்துவிட்டு நேரே மருந்துக் கடைக்குப் போகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள்.

தாள் சொல்லாத செய்தி

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பையின் அடியில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. வாலிபத்தில் ஏறக்குறைய 20 கிராம் எடை. நாற்பதுக்குப் பிறகு மெல்ல வளரும். அறுபது வயதில் ஏறத்தாழ பாதி ஆண்களுக்கு இந்த வளர்ச்சி இருக்கும். எண்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு இருக்கும். ஆகவே, அறுபத்தைந்து வயதுக்காரரின் ஸ்கேனில் வீக்கம் தெரிவது, தலையில் நரை தெரிவதைப் போலத்தான். அது இருக்கிறது என்பதாலேயே அதுதான் குற்றவாளி என்று ஆகிவிடாது.

சுரப்பியின் அளவுக்கும் தொல்லையின் அளவுக்கும் நேரடித் தொடர்பு குறைவு என்பதும் மருத்துவத்தில் நெடுநாளாகத் தெரிந்த விஷயம். 80 கிராம் சுரப்பியோடு நிம்மதியாகத் தூங்குகிறவர் உண்டு. 25 கிராமிலேயே திண்டாடுகிறவரும் உண்டு.

ஸ்கேன் தாளில் வீக்கத்தைவிட முக்கியமான ஓர் எண் உண்டு. சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்ற அளவு அது. அவசர அவசரமாக எடுக்கும் ஸ்கேன்களில் இதைப் பார்க்காமலே விட்டுவிடுவது உண்டு. ‘தண்ணி குடிச்சிட்டு, முட்டிக்கிட்டு வாங்க’ என்று முதலில் ஒரு படம் எடுப்பார்கள். ‘இப்பப் போயிட்டு வாங்க’ என்று சொல்லி இரண்டாவது படமும் எடுத்தால்தான் அந்த அளவு தெரியும். அதைக் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை.

இங்கிலாந்து மன்னர் சார்லஸ் 2024 ஜனவரியில் புராஸ்டேட் வீக்கத்துக்காக மருத்துவமனைக்குப் போனார். அங்கே நடந்த பரிசோதனைகளில் அவருக்கு வேறொரு புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அது புராஸ்டேட் புற்றுநோய் அல்ல என்று அரண்மனை பிப்ரவரியில் அறிவித்தது. வீக்கமும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. வீக்கம் கண்ணில் பட்டதோடு தேடலை நிறுத்தாததால்தான் மற்றது வெளியே வந்தது.

இரவில் எழுப்புவது யார்?

ஆண்கள் இந்தத் தொல்லையை வெளியே சொல்லமாட்டார்கள். எத்தனை தடவை எழுந்தார் என்ற கணக்கு பெரும்பாலும் மனைவிக்குத்தான் தெரியும். ‘ராத்திரி பூரா எந்திரிச்சு எந்திரிச்சுப் போறாவ, கேட்டா ஒண்ணுமில்லங்காவ’ என்பது நம் பக்கத்து வீடுகளில் கேட்கிற பேச்சு.

இதில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்றைத்தான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகப் போகிறதா, நிறையப் போகிறதா? கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போனால் கோளாறு பையிலோ குழாயிலோ இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் செம்பு நிறையப் போனால், சிறுநீரகம் இரவில் அதிகமாக நீரைப் பிரிக்கிறது என்று அர்த்தம். அதற்குப் புராஸ்டேட் மாத்திரையால் பெரிய பலன் இருக்காது.

இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. அளவு கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று போதும். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். மூன்று நாள்களுக்கு, எத்தனை மணிக்குப் போனோம், எத்தனை மில்லி, என்ன குடித்தோம் என்று எழுத வேண்டும். ஒருவர் 24 மணி நேரத்தில் 1,700 மில்லி கழிக்கிறார், அதில் 800 மில்லி படுத்த பிறகு போகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குச் சற்றே குறைவு. முதியவர்களுக்கு இரவுப் பங்கு மூன்றில் ஒன்றுக்குள் இருக்க வேண்டும். இந்தத் தாளைப் பார்த்ததும் மருத்துவரின் கேள்வி காலுக்கும் இதயத்துக்கும் போய்விடும்.

காலுக்கு ஏன் போக வேண்டும்? பகல் முழுவதும் கடையிலோ, டீக்கடை பெஞ்சிலோ காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு நீர் கணுக்காலில் இறங்கித் தங்குகிறது. படுத்ததும் அது ரத்தத்தில் திரும்பி, சிறுநீராக வெளியேறுகிறது. இதயம் பலவீனமானவர்களுக்கு இது இன்னும் அதிகம். ரத்தக் கொதிப்புக்கு ஏராளமானவர்கள் சாப்பிடும் ஆம்லோடிபின் மாத்திரை சிலருக்குக் கணுக்கால் வீக்கத்தைத் தரும். பெருவிரலால் கணுக்காலை அழுத்தினால் குழி விழுகிறதா என்று இன்று மாலையே பார்க்கலாம். மாலையில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுத்தாலே சிலருக்கு இரவில் ஒரு தடவை குறையும். ‘நீர் மாத்திரை’யை இரவில் போடுகிறவர்கள், நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

குறட்டையும் காரணமாகலாம் என்றால் நம்ப மறுப்பார்கள். தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வரும் கோளாறு உள்ளவர்களுக்கு, இதயத்திலிருந்து சுரக்கும் ஒரு ஹார்மோன் சிறுநீரைக் கூட்டுகிறது. மூச்சுக் கோளாறைச் சரிசெய்தால் இரவில் எழுவது குறையும்.

அடுத்தது சர்க்கரை. 2023 ஜூனில் வெளியான ஐசிஎம்ஆர் – இன்டியாப் (INDIAB) ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் உண்டு. சர்க்கரை ஏறினால் சிறுநீர் கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். பல வருடச் சர்க்கரை சிறுநீர்ப்பையின் நரம்பையே மழுங்கடிக்கும் என்பது தெரியாது. பை நிறைந்தது தெரியாமல் போகும், சுருங்கித் தள்ளும் வலுவும் குறையும், மிச்சம் தேங்கும். இப்படிப்பட்டவருக்கும் ஸ்கேனில் வீக்கம் இருக்கும். அறுவை சிகிச்சை செய்து பாதையை அகலப்படுத்தினாலும், தள்ளுகிற தசைக்குத் தெம்பு இல்லையென்றால் எதிர்பார்த்த நிவாரணம் கிடைக்காது. ‘ஆபரேஷன் பண்ணியும் அப்படியேதான் இருக்கு’ என்று சொல்கிறவர்களில் சிலரின் கதை இதுதான். அறுவைக்கு முன்பே பையின் வலுவைச் சோதித்திருக்க வேண்டும்.

சர்க்கரைக்கான புதிய மாத்திரைகளையும் இங்கே சொல்ல வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. 2025 மார்ச்சில் எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதால், நம் ஊர்களிலும் இவை பரவலாகிவிட்டன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் நல்ல மருந்துகள்தான். ஆனால், சிறுநீர் கூடும். சிலருக்குப் பிறப்புறுப்பில் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் வரும். மருந்து மாறிய தேதியையும் தொல்லை தொடங்கிய தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.

சாரலும் சளி மாத்திரையும்

ஆனி, ஆடியில் சாரல் இறங்கியதும் குற்றாலத்துக்கு வருகிறவர்களும் மேலகரத்துக்காரர்களும் ஒன்றை உணர்வார்கள்: அருவியில் நின்றுவிட்டு வந்தால் ஒண்ணுக்கு முட்டும். குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் உடலின் உள்பகுதிக்குத் திரும்புகிறது. நீர் அதிகமாகிவிட்டதாகக் கருதி உடல் அதைச் சிறுநீராக வெளியேற்றுகிறது. வியர்வையும் இல்லை. இது இயல்பு, நோயல்ல.

ஆபத்து அடுத்த நாள் வருகிறது. சளி பிடிக்கிறது. மருந்துக் கடையில், ‘சளிக்கு ரெண்டு மாத்திரை கொடுங்க அண்ணாச்சி’ என்று கேட்டு வாங்குகிறோம். அந்த மாத்திரையில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் கலந்திருக்கும்: பாராசிட்டமால், குளோர்ஃபெனிரமின், ஃபீனைலெஃப்ரின். முதலாவதால் பிரச்சினை இல்லை. இரண்டாவது, சிறுநீர்ப்பைத் தசையைத் தளர்த்துகிறது. மூன்றாவது, பையின் வாயை இறுக்குகிறது. தள்ளும் வலுவும் குறைந்து, கதவும் இறுகினால் என்ன ஆகும்? எழுபது வயதுக்காரர் ஒருவருக்கு நள்ளிரவில் சிறுநீர் அடியோடு நின்றுபோகும். அடிவயிறு கல்லாகி, துடித்துப்போய், குழாய் போட ஓட வேண்டும். கூடவே மதுவும் சேர்ந்தால் அபாயம் அதிகம். அது ஒரே நேரத்தில் நீரைக் கூட்டும், உணர்வையும் மழுக்கும்.

நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் தரும் அமிட்ரிப்டிலின், வயிற்று வலிக்கான சில மாத்திரைகள் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். மலச்சிக்கலும் இந்தப் பட்டியலில் சேரும். நிரம்பிய மலக்குடல் சிறுநீர்ப் பாதையை நெருக்கும். முதியவருக்குச் சிறுநீர் நின்றால் கடைசியாக மலம் போனது எப்போது என்றும் கேட்க வேண்டும்.

கட்டைவிரல் சுண்ணாம்பு மறைப்பது

நீர்க்கடுப்பு என்றால் கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு தடவுவது நம் வீட்டு வழக்கம். இளநீர் குடிப்போம், நீர்மோர் குடிப்போம். வெயிலில் வேலை பார்த்து, தண்ணீர் குடிக்காமல் வந்த கடுப்புக்குத் தண்ணீரும் இளநீரும் உதவும்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால், சிறுநீரில் ரத்தம் வந்ததையும் ‘சூடு’ என்று சொல்லி அதே வைத்தியத்தில் அடக்குகிறோமே, அதுதான் எனக்குத் தாங்க முடியாத வருத்தம். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் வலியே இல்லாமல் வரும் ரத்தம். ஒரு நாள் வரும், தானாக நின்றுவிடும். இளநீரால் நின்றது என்று நினைத்துக்கொள்வோம். சில மாதம் கழித்து மறுபடி வரும்போது கட்டி தசைக்குள் இறங்கியிருக்கலாம். தொடக்கத்தில் பிடித்தால் குழாய் வழியாகவே சுரண்டி எடுத்துப் பையைக் காப்பாற்ற முடியும். தசைக்குள் இறங்கிவிட்டால் பலருக்குப் பையையே அகற்ற வேண்டிவரும்.

இந்த நோயை வரவழைப்பதில் முதலிடம் புகைக்கு. புகைக்காதவரைவிடப் புகைப்பவருக்குச் சுமார் மூன்று மடங்கு ஆபத்து. புகையின் நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு, பையில் மணிக்கணக்கில் தேங்கி, உள்சுவரை அரிக்கிறது. பீடி சுற்றும் பெண்களின் உழைப்பில் குடும்பங்கள் நடக்கும் வட்டாரம் நம்முடையது. பீடிக்கும் நுரையீரலுக்கும் உள்ள உறவு எல்லோருக்கும் தெரியும். மூத்திரப்பைக்கும் உண்டு என்பதை ஊர் முழுக்கச் சொல்ல வேண்டும். அடிக்கடி முட்டுவது, எரிச்சல் ஆகியவைகூட இதன் அறிகுறியாக வரலாம். ஐம்பது வயதுக்காரருக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ரத்தம் வந்திருந்தாலும் உள்ளே குழாய்க் கேமரா விட்டுப் பார்க்காமல் விடக் கூடாது.

புராஸ்டேட் புற்றுநோய் வேறு. தொடக்கத்தில் அது பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தராது. அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜோ பைடன், சிறுநீர்த் தொல்லை கூடியதால் பரிசோதனைக்குப் போனார். நோய் எலும்பு வரை பரவியிருந்ததாக 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை இதற்கு உதவும். ஆனால், தொற்று இருக்கும்போதும், குழாய் போட்ட கையோடும் எடுத்தால் எண் பொய்யாக ஏறும். அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து தூக்கம் இழந்தவர்கள் நிறைய.

இளைஞர்களும் தப்பவில்லை

முப்பது வயதுக்காரருக்குச் சிறுநீர்த் தாரை மெலிந்து, இரண்டாகப் பிரிந்து தெறித்தால் அங்கே புராஸ்டேட்டுக்கு வேலையில்லை. சிறுநீர்க் குழாயில் தழும்பு விழுந்து சுருங்கியிருக்கலாம். பைக் விபத்தில் இடுப்பெலும்பு முறிந்தவர், மரம் ஏறும்போது வழுக்கிக் கவட்டையில் அடிபட்டவர், முன்பு எப்போதோ குழாய் போட்டிருந்தவர், பால்வினைத் தொற்றுக்கு அரைகுறை வைத்தியம் செய்தவர் என்று பலருக்கும் மாதங்களோ வருடங்களோ கழித்து இது தலைகாட்டும். பழைய அடியை யாரும் நினைவில் வைத்து மருத்துவரிடம் சொல்வதில்லை. கம்பி விட்டு விரிப்பது தற்காலிக நிவாரணம். திரும்பத் திரும்ப விரிக்க வேண்டியிருந்தால், குழாயைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சைதான் நிலையான வழி.

புளியரை வழியாகக் கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் ஓட்டுநர்கள், செங்கல் சூளைத் தொழிலாளர்கள், வயல் வேலை செய்பவர்கள் ஆகியோருக்குச் சிறுநீரகக் கல் பெரிய எதிரி. சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாயின் கடைசி முனைக்கு இறங்கி வந்த கல், பையைச் சீண்டி அடிக்கடி முட்ட வைக்கும். இதற்குத் தண்ணீரே முதல் மருந்து. எலுமிச்சைச் சாற்றில் உள்ள சிட்ரேட் கால்சியம் கல் உருவாவதைத் தடுக்க உதவுகிறது. புளியங்குடி எலுமிச்சையை வைத்துக்கொண்டு நாம் பாட்டில் குளிர்பானம் வாங்குவது பொருந்தாத செயல்.

மிச்சக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளிர் காய்ச்சலோடு எரிச்சல் வந்தால் புராஸ்டேட் அழற்சியாக இருக்கலாம். அதற்கு உடனே ஆன்டிபயாட்டிக் வேண்டும். அரைகுறையாக நிறுத்தக் கூடாது. சிறுநீரில் சீழ் அணுக்கள் தொடர்ந்து வருகின்றன, ஆனால் கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை என்றால் காசநோயைத் தேட வேண்டும். நம் நாட்டில் அதை மறந்துவிட முடியாது. பக்கவாதம், பார்கின்சன் நோய் வந்தவர்களுக்குப் பை கட்டுப்பாட்டை இழக்கும். முதுகுவலியோடு கவட்டையில் மரத்துப்போய், காலும் தளர்ந்து, சிறுநீர் நின்றால், அது முதுகுத்தண்டு நரம்பு நசுங்குவதன் அடையாளம். அன்றைக்கே மருத்துவமனையில் இருக்க வேண்டும். 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

என்ன செய்ய வேண்டும்?

வீட்டில் தொடங்கலாம். மருத்துவரிடம் போகும்போது மூன்று நாள் கணக்குத் தாளையும், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போக வேண்டும். சித்த மருந்து, நாட்டு மருந்து, கடையில் வாங்கிய சளி மாத்திரை எல்லாமும் அதில் இருக்கட்டும். சிறுநீர்ப் பரிசோதனை, சர்க்கரை, கிரியேட்டினின், போன பிறகு நிற்கும் மிச்சத்தின் அளவு ஆகிய நான்கும் பார்க்காமல் நெடுங்கால மாத்திரைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

புராஸ்டேட்டுக்காக டாம்சுலோசின் போன்ற மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் இரண்டை நினைவில் வைக்க வேண்டும். இரவில் படாரென்று எழுந்தால் தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். கண்புரை அறுவைக்கு முன்பு இந்த மாத்திரையைப் பற்றிக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அறுவையின்போது கண்மணித் திரை தளர்ந்து சிக்கலாகும். முன்பே தெரிந்தால் அவர்கள் தயாராக இருப்பார்கள்.

மருந்துக் கடைக்காரர்கள் சளி மாத்திரை கொடுக்கும் முன், அறுபது தாண்டியவரிடம், ‘ஒண்ணுக்குச் சரியாப் போகுதா?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் பல நள்ளிரவு அவதிகளைத் தடுக்கலாம்.

அரசு செய்ய வேண்டியவை சில உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மருந்து கொடுக்கப் பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். இரவில் எத்தனை தடவை எழுகிறீர்கள், தாரை மெலிந்திருக்கிறதா, எப்போதாவது ரத்தம் வந்ததா என்று மூன்று கேள்விகளை அவர்களின் படிவத்தில் சேர்க்கலாம். கேட்கப்படாததால்தான் ஆண்கள் சொல்வதில்லை.

தென்காசி 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டம். சங்கரன்கோவிலிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் ஒரு முதியவர் சிறுநீர்த் தொல்லைக்காகத் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரிக்கு அலைவதைக் குறைக்க, சிறுநீரியல் நிபுணர் வாரம் ஒரு நாளாவது தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனையில் புறநோயாளிகளைப் பார்க்க வேண்டும். குழாய்க் கேமரா பரிசோதனையும் சிறுநீர் வேகம் அளக்கும் கருவியும் மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும். அரசு முகாமோ தனியார் மையமோ, ஐம்பது கடந்த ஆணின் வயிற்று ஸ்கேன் அறிக்கை எதுவானாலும் மிச்ச அளவு இல்லாமல் முழுமை பெறாது என்று சுகாதாரத் துறை உத்தரவிடலாம்.

சீசனுக்கு முன்பே, பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் வழிகளிலும் மேலகரம் சாலையிலும் தண்ணீர் வசதியுள்ள, இரவும் திறந்திருக்கும் கழிப்பறைகளைப் பேரூராட்சிகள் தயார் செய்ய வேண்டும். ஆண்களுக்கு ரோட்டோரம் போதும் என்ற நினைப்பில், குச்சி ஊன்றி நடக்கும் முதியவரும் குழாயும் பையுமாக வரும் நோயாளியும் கணக்கில் வருவதே இல்லை. பிடித்து உட்காரக் கைப்பிடி வைத்த மேற்கத்தியக் கழிப்பறை, ஓர் இடத்துக்கு ஒன்றாவது கட்ட வேண்டும்.